பள்ளி வளாகத்தில் ஸ்டேக் சுவிட்ச்களை இணைக்க எந்த ஃபைபர், எந்த வேகம்? (டர்பன்)

சாட்ஸ்வொர்த்_வலை

எல்லாருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பள்ளிக்கு நெட்வொர்க் புதுப்பிக்கும் வேலை கையில் இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் முடிக்க வேண்டும். கேபிள் ஆர்டர் போடுவதற்கு முன் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சர்வர் அறை நிர்வாகக் கட்டடத்தில். அங்கே 24 எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (ஒளி மாட்யூல் செருகும் துளை) உள்ள கோர் சுவிட்ச் (எல்லாக் கட்டடமும் வந்து சேரும் மைய சுவிட்ச்) 2 வைக்கப்போகிறோம். அங்கிருந்து வகுப்பறைக் கட்டடம் 85 மீட்டர், அறிவியல் கூடம் 240 மீட்டர், மைதானத்து அரங்கு 410 மீட்டர். எல்லாம் கேபிள் போகும் வழியில் சக்கரம் உருட்டி அளந்தது. வகுப்பறையில் 48 போர்ட் பிஓஇ (கேபிளிலேயே மின்சாரமும் தரும்) சுவிட்ச் 4, அறிவியல் கூடத்தில் 2, அரங்கில் 24 போர்ட் 1. பயனர் போர்ட் எல்லாம் 1ஜி (நொடிக்கு 1 கிகாபிட்). ஒவ்வொரு சுவிட்சிலும் 4 எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் உண்டு. ஸ்டேக்கிங்கும் (பல சுவிட்சைக் கோத்து ஒரே சுவிட்ச் போல ஓட்டுவது) அதே போர்ட் வழியாகத்தான், பின்பக்கம் தனி ஸ்டேக் போர்ட் கிடையாது.

இப்போது இருப்பது: நிர்வாகத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஆரஞ்சு நிற 6 கோர் (6 கண்ணாடி இழை) கேபிள், உறையில் 62.5/125 என்று அச்சிட்டிருக்கிறது, முனையில் எஸ்டி கனெக்டர். 1ஜி ஓடுகிறது. அறிவியல் கூடத்துக்கு வயர்லெஸ் பிரிட்ஜ். அரங்குக்கு ஒன்றும் இல்லை. இணைய லைன் 1ஜி. வைஃபை ஏபி (அணுகல் புள்ளி) 30, கேமரா 40 வரை வரும்.

சப்ளையர் கொடுத்த கோட்டேஷனில் எல்லா இடத்துக்கும் ஓஎம்4 (மல்டிமோட் ஃபைபர் வகை), எம்பிஓ கனெக்டர் (பல இழை சேர்ந்தது), 40ஜி எஸ்ஆர்4 மாட்யூல். அதற்காக க்யூஎஸ்எஃப்பி (40ஜி மாட்யூல்) போர்ட் உள்ள விலை கூடின மாடலுக்கு மாறச் சொல்கிறார். "எதிர்காலத்துக்கு இதுதான்" என்கிறார். இன்னொன்று, ஃபைபரிலேயே ஸ்டேக் செய்யலாம், 7 சுவிட்சையும் ஒரே ஸ்டேக்காக்கினால் நிர்வகிப்பது சுலபம் என்றும் சொல்கிறார். பழைய ஆரஞ்சு கேபிளை வைத்துக்கொள்ளலாமா, 40ஜி தேவையா, ஒரே ஸ்டேக் சரியா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ஆர்டர் போட்டுவிடுவேன்.

மிட்ராண்ட்_ஃபைபர்

தம்பி, அந்தக் கோட்டேஷனை அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. 40ஜி எஸ்ஆர்4 ஓஎம்3-ல 100 மீட்டர், ஓஎம்4-ல 150 மீட்டர். உங்க அறிவியல் கூடம் 240, அரங்கு 410. அவர் எழுதினதை வாங்கிப் போட்டா மூணுல ரெண்டு லிங்க் தரத்துக்கு வெளியே போயிடும். வகுப்பறை ஒண்ணுக்குத்தான் பொருந்தும்.

முதல்ல ஆரஞ்சு கேபிள். 62.5/125 அப்படின்னா ஓஎம்1. அதுல 1ஜி எஸ்எக்ஸ் (மல்டிமோட் மாட்யூல்) 275 மீட்டர் வரை ஓடும், அதனாலதான் இத்தனை நாள் பிரச்சினை தெரியலை. 10ஜி எஸ்ஆர் (10ஜி மல்டிமோட் மாட்யூல்) போட்டா 33 மீட்டர்தான். 85 மீட்டர்ல லிங்க் விளக்கு எரிஞ்சாலும் எரியும், ஆனா பிழை ஏறிக்கிட்டே இருக்கும். வெயில் ஏறினா விழும், ராத்திரி எழுந்திரிக்கும், காரணம் தேடியே வாரம் போயிடும். எல்ஆர்எம்னு ஒரு மாட்யூல் ஓஎம்1-லயும் 220 மீட்டர் வரை 10ஜி கொண்டுபோகும். ஆனா அதுக்கு சுவிட்ச் போர்ட்டே எல்ஆர்எம்-ஐ ஆதரிக்கணும், ரெண்டு முனையிலும் மோட் கண்டிஷனிங் பேட்ச் கார்டு (சின்ன இணைப்புக் கேபிள்) போடணும். புதுசா குழி வெட்டப் போற இடத்துல அந்தச் செலவு வீண். ஓஎம்1-ஐ பிடுங்கி எறிய வேண்டாம். 1ஜி எஸ்எக்ஸ் மாட்யூல் போட்டு நிர்வாக நெட்வொர்க்குக்குத் தனிப் பாதையா வெச்சுக்கலாம். மெயின் லிங்க் அறுந்த நாள்ல அந்தப் பக்கத்து சுவிட்சுக்குள்ள நுழைய அது உதவும்.

கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல ஓஎஸ்2 சிங்கிள்மோட் (ஒளி ஒரே பாதையில போற மெல்லிசு கோர்; ஓஎம்னு தொடங்குறது எல்லாம் மல்டிமோட்) மட்டும் போடுங்க. மூணு பாதையும். 10ஜி எல்ஆர் (சிங்கிள்மோட் மாட்யூல்) 10 கிலோமீட்டர், 25ஜி எல்ஆர் 10 கிலோமீட்டர், 100ஜி எல்ஆர்4-ம் 10 கிலோமீட்டர், எல்லாம் அதே ரெண்டு கோர்ல, அதே எல்சி கனெக்டர்ல. மல்டிமோட்ல வேகம் ஏற ஏற தூரம் சுருங்கும்: ஓஎம்4-ல 10ஜி 400 மீட்டர், 25ஜி 100 மீட்டர், 100ஜி எஸ்ஆர்4-ம் 100 மீட்டர். உங்க அரங்கு இன்னிக்கே 410. சப்ளையர் சொன்ன எதிர்காலம் மண்ணுக்குள்ள கிடக்கிற கண்ணாடியில இருக்கு, மாட்யூல்ல இல்லை. மாட்யூலை ஒரு சாயங்காலத்துல மாத்திடலாம். கேபிளை மாத்த மறுபடி குழி வெட்டணும்.

"10 கிலோமீட்டர் மாட்யூலை 85 மீட்டர்ல போட்டா எதிர்முனை கருகிடாதா?" அப்படின்னு கேட்பாங்க. எல்ஆர் அனுப்புற அதிகபட்ச ஒளி 0.5 டிபிஎம், வாங்குற பக்கம் தாங்குற அளவும் 0.5 டிபிஎம். அட்டெனுவேட்டர் இல்லாம ஒரு மீட்டர் பேட்ச் கார்டுலயே ஓடும். 40 கிலோமீட்டர் ஈஆர், 80 கிலோமீட்டர் இசட்ஆர் வேற கதை. அதைக் குறைஞ்ச தூரத்துல நேரா செருகினா ரிசீவர் கெட்டுப்போகலாம். மலிவா கிடைக்குதுன்னு அந்த வகையை எடுத்துடாதீங்க.

கோர் எண்ணிக்கை ஒவ்வொரு பாதைக்கும் குறைஞ்சது 12. இப்ப 4 பயன்படும், மிச்சம் கையிருப்பு. குழி, குழாய், ஆள் கூலி இதோட பார்த்தா 6 கோருக்கும் 12 கோருக்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு. கண்ணாடி ஜி.652.டி போதும். பேட்ச் கார்டும் பிக்டெய்லும் (ஒரு முனையில கனெக்டரோட வர்ற துண்டு) ஜி.657.ஏ1 கேளுங்க, ரேக்குக்குள்ள இறுக்கமா வளைச்சாலும் தாங்கும்.

லெனேசியா_ரேக்

கேபிள் விஷயம் மேலே அண்ணன் சொல்லியாச்சு. நான் ஸ்டேக் பற்றி மட்டும் சொல்றேன்.

7 சுவிட்சையும் ஒரே ஸ்டேக் ஆக்காதீங்க. எண்ணிக்கைக்கு சுவிட்ச் இடம் கொடுக்கும். ஃபைபரில் தூரமும் எட்டும். ஆனா ஸ்டேக் என்பது ஒரே மூளை. தோட்டக்காரர் மண்வெட்டி பட்டு அரங்குக்குப் போகிற கேபிள் அறுந்தா, வழக்கமான லிங்க்னா அரங்கு மட்டும் இருட்டாகும். ஸ்டேக் லிங்க்கா இருந்தா ஸ்டேக் இரண்டாகப் பிளக்கும், இரண்டு துண்டும் ஒரே ஐபி, ஒரே மேக் முகவரியோட "நான்தான் தலைவன்" என்று நிற்கும். பிளவைக் கண்டுபிடிக்கும் வசதி பல மாடல்களில் உண்டு, ஆனா அதற்கும் ஒரு மாற்றுப் பாதை வேணும். அதோட ஃபர்ம்வேர் (சுவிட்சின் உள்மென்பொருள்) ஏற்றினா பள்ளி முழுக்க ஒரே நேரத்தில் ரீபூட். ஸ்டேக் ஒரு ரேக்குக்குள்ளேயே முடியணும். கட்டடங்களுக்கு நடுவில் எல்ஏசிபி டிரங்க் (பல லிங்க்கை ஒன்றாகக் கட்டுவது).

உங்க கணக்கில் மூணு ஸ்டேக்: கோர் 2, வகுப்பறை 4, அறிவியல் 2. அரங்கு தனி சுவிட்ச். ஸ்டேக்குக்குள்ள ஃபைபரும் வேண்டாம், மாட்யூலும் வேண்டாம். 10ஜி டிஏசி கேபிள் போதும், இரண்டு முனையிலும் எஸ்எஃப்பி பிளஸ் தலை ஒட்டியே வரும் செம்புக் கேபிள். ஒரு ரேக்குக்குள்ள 1 மீட்டர், அதிகம் போனா 3 மீட்டர். விலை குறைவு, சூடு குறைவு, துடைக்க வேண்டிய கண்ணாடி முனையே இல்லை.

வகுப்பறை நாலு சுவிட்சையும் 1, 2, 3, 4 என்று வரிசையா கோத்து, கடைசியை முதலோட மூட நீளமான கேபிள் போடுவது வழக்கம். அதைவிட 1–2, 2–4, 4–3, 3–1 என்று கோத்துடுங்க. எந்தக் கேபிளும் இரண்டு சுவிட்ச் உயரத்துக்கு மேல் போகாது, நாலும் ஒரே 1 மீட்டர் நீளம். இந்த வளையத்தில் 1-க்கு நேர் எதிரே நிற்பது 4. அதனால கோருக்குப் போகும் இரண்டு அப்லிங்க்கை 1-லும் 4-லும் போடுங்க. அப்போ 2-ம் 3-ம் எந்தப் பக்கம் போனாலும் ஒரே தாண்டலில் அப்லிங்க்கை எட்டும். தலைமை 1, அடுத்த நிலை 4 என்று கையாலேயே அமைச்சிடுங்க, தேர்தலுக்கு விடாதீங்க.

போர்ட் கணக்கு: 4 எஸ்எஃப்பி பிளஸில் 2 வளையத்துக்கு, 2 மிச்சம். 1-லும் 4-லும் ஒவ்வொன்று அப்லிங்க். இன்னொன்று காலி, அது உங்க வளர்ச்சிக்கு இடம்.

வேகம். 192 போர்ட் × 1ஜி = 192ஜி. அணுகல் அடுக்கில் (பயனர் சுவிட்சுகளில்) 20-க்கு 1 என்று பிரிப்பது பழைய, நல்லா ஓடுகிற கணக்கு, 9.6ஜி வருது. 2×10ஜி போட்டா அதுக்கு இரட்டிப்பு. கேமரா 40-ஐயும் ஆளுக்கு 6 மெகாபிட் என்று வெச்சாலும் 240 மெகாபிட்தான். இணையம் 1ஜி. பள்ளியில் 10ஜி லிங்க்கை முட்டித் தள்ளுகிற ஒரே வேலை இரவு பேக்கப், அதுவும் சர்வர் வட்டு எவ்வளவு கொடுக்குதோ அவ்வளவுதான். 40ஜி-க்கு இங்கே வேலை இல்லை.

ஒன்று தெரிஞ்சுக்கோங்க: எல்ஏசிபியில் 2×10ஜி என்றால் ஒரு கணினிக்கு 20ஜி என்று அர்த்தம் இல்லை. ஒரு உரையாடல் ஒரு லிங்க்கிலேயே போகும். ஹேஷை (எது எந்த லிங்க்கில் போகணும்னு பிரிக்கும் கணக்கு) மேக் முகவரியில் விடாம ஐபியும் போர்ட் எண்ணும் சேர்ந்த முறைக்கு மாத்துங்க. இல்லாட்டி பாதி நேரம் ஒரு லிங்க் நிறைஞ்சும் மற்றது காலியாவும் நிற்கும்.

பீனிக்ஸ்_48

வகுப்பறை 85 மீட்டர்தானே? அதுக்கு மட்டும் ஓஎம்4 போட்டு 10ஜி எஸ்ஆர் செருகினால் மாட்யூல் விலை குறையும். நாளைக்கு 25ஜி வேண்டுமென்றாலும் ஓஎம்4-ல் 100 மீட்டர் வரை போகும். எல்லாவற்றுக்கும் சிங்கிள்மோட் என்பது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

மிட்ராண்ட்_ஃபைபர்

கேள்வி நியாயம்தான். ஆனா 85-ஐ மட்டும் பார்க்காதீங்க. 25ஜி எஸ்ஆர் ஓஎம்4-ல மொத்தமா அனுமதிக்கிற இழப்பு 1.9 டெசிபல். ஒரு கனெக்டர் ஜோடிக்குத் தரம் அனுமதிக்கிற உச்சம் 0.75. ரெண்டு பேனல் வந்தாலே 1.5. மேல ஸ்ப்ளைஸ் (கண்ணாடியை உருக்கி ஒட்டின இடம்), கேபிள் இழப்பு சேர்த்தா கரையைத் தொட்டுடும். ஒரு தூசி போதும் விழ. எல்ஆர்ல 6.2 டெசிபல் இருக்கு. 85 மீட்டர் சிங்கிள்மோட் கண்ணாடி 0.04 டெசிபல்கூட எடுக்காது. ரெண்டு கனெக்டர், ரெண்டு ஸ்ப்ளைஸ் எல்லாம் மோசமா வந்தாலும் பாதிக்கு மேல மிச்சம்.

கேபிள் விலையும் பாருங்க. ஓஎஸ்2 கேபிள் ஓஎம்4-ஐ விட மலிவு. எஸ்ஆர் மாட்யூல்ல மிச்சம் பிடிச்சதுல ஒரு பகுதி கேபிள்லயே திரும்பிப் போயிடும். இன்னொண்ணு, ஒரே வளாகத்துல ரெண்டு வகை மாட்யூல், ரெண்டு வகை பேட்ச் கார்டு இருந்தா, அவசரத்துல நீல கனெக்டர் மாட்யூலை அக்வா கேபிள்ல செருகிடுவாங்க. கொஞ்ச தூரத்துல விளக்கும் எரிஞ்சுடும், அதுதான் ஆபத்து. எல்லாம் மஞ்சள்னு ஒரே விதி இருந்தா பள்ளியில கணினி பார்த்துக்கிற ஆசிரியர்கூட மாட்யூலை மாத்திடலாம்.

சர்வர் அறைக்குள்ள, அடுத்தடுத்த ரேக்குக்கு ஓஎம்4 போடுறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை. மண்ணுக்குள்ள போறதுக்குத்தான் சொல்றேன்.

சாட்ஸ்வொர்த்_வலை

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. 40ஜியும் ஒரே ஸ்டேக்கும் கைவிட்டாச்சு. இன்னும் இரண்டு சந்தேகம். கோரை 25ஜி போர்ட் உள்ளதாக வாங்கி, இப்போது 10ஜி ஓட்டிப் பின்னால் ஏற்றலாமா? குழாய் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்? வளாகம் சரிவில் இருக்கிறது, அரங்கு பள்ளத்தில். மழைத் தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

லெனேசியா_ரேக்

25ஜி கோர் விலை கையைக் கடிக்காட்டி வாங்குங்க. எஸ்எஃப்பி28 (25ஜி) போர்ட்டில் 10ஜி மாட்யூல் பெரும்பாலும் அப்படியே ஓடும், ஆனா மாடலின் பொருத்தப் பட்டியலை ஒரு தடவை பாருங்க. சில மாடலில் நாலு நாலு போர்ட்டா சேர்ந்து ஒரே வேகத்துக்குத்தான் மாறும். நாலில் ஒன்றை 25-க்கு ஏற்றினா மற்ற மூணில் ஓடுகிற 10ஜி விழுந்திடும். அதனால இப்பவே 10ஜி எல்லாத்தையும் ஒரு கூட்டத்தில் வெச்சு, அடுத்த நாலைக் காலியா விடுங்க.

25ஜி போகும் நாளில் லிங்க் ஏறாட்டி முதலில் பார்க்க வேண்டியது எஃப்இசி (பிழை திருத்தும் முறை). 25ஜி எஸ்ஆருக்கும் எல்ஆருக்கும் ஆர்எஸ்-எஃப்இசி வேணும். ஒரு முனையில் ஆர்எஸ், மறு முனையில் வேறு வகையோ அணைந்தோ இருந்தா, ஒளி அளவு அழகா காட்டும், லிங்க் மட்டும் ஏறாது. 10ஜியில் இந்தத் தொல்லை கிடையாது.

மின்சாரம் பற்றி யாரும் பேசலை. லோட்ஷெடிங் இல்லாத நாளிலும் மின்சாரம் போய்த் திரும்பும். வகுப்பறை நாலு சுவிட்சையும் இரண்டு யுபிஎஸ்ஸில் பிரிச்சு வெச்சா, ஒன்று சீக்கிரம் தீர்ந்து பாதி ஸ்டேக் மட்டும் அணையும். மின்சாரம் வந்ததும் வெவ்வேறு நேரத்தில் எழும். சில வகையில் ஒரு கால எல்லைக்குள் எழுந்தவைதான் தலைமைத் தேர்வில் சேரும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சில் அது 120 வினாடி. பிந்தினது உறுப்பினரா மட்டும் சேரும், நீங்க 1-ஐத் தலைவரா நினைச்சு வெச்சிருந்தாலும் வேறொன்று தலைமையில் இருக்கும். ஒரு ரேக் ஸ்டேக் முழுக்க ஒரே யுபிஎஸ்ஸில். யுபிஎஸ் அளவு பார்க்கும்போது சுவிட்சின் சொந்த வாட்டோட பிஓஇ வாட்டையும் கூட்டுங்க. ஏபியும் கேமராவும் குடிக்கிறதுதான் பெரிய பங்கு.

நெட்டால்_டிரெஞ்ச்

குழி வேலை பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் நாள்காட்டி. கட்டட வேலைக்காரர்கள் டிசம்பர் நடுவில் மூடி ஜனவரியில்தான் திரும்புவார்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் நாளுக்கும் அவர்கள் மூடும் நாளுக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். குழியையும் குழாயையும் நவம்பரில் சனிக்கிழமைகளில் முடித்துவிடுங்கள், விடுமுறையில் கேபிள் இழுத்து ஸ்ப்ளைஸ் செய்யுங்கள்.

உலோகம் இல்லாத கேபிள் வாங்குங்கள். எலி கடிக்காமல் இருக்க எஃகு உறை போட்ட கேபிளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அந்த எஃகு இரண்டு கட்டடங்களின் மின் எர்த்தையும் இணைத்துவிடும். கோடை இடியில் பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த வழியாக மின்னழுத்தம் ரேக்குக்கு வரும். எலிக்குக் கண்ணாடி இழைக் கவசம் போட்ட வகை இருக்கிறது, அது போதும். ஃபைபர் போட்டுவிட்டு, அதே குழாயில் இன்டர்காமுக்கென்று ஒரு செம்புக் கேபிளை இழுத்து இரண்டு முனையையும் சுவிட்சில் செருகினால் ஃபைபர் போட்ட பலனே போய்விடும். கட்டடத்துக்கு நடுவில் செம்பு எதுவும் வேண்டாம். அரங்குக் கேமராவும் அரங்குச் சுவிட்சிலேயே முடியட்டும்.

தூண் மேல் தொங்கவிடும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். குரங்கு நடமாட்டம் உள்ள இடம், மரக்கிளையும் உண்டு.

குழி 600 மில்லிமீட்டர் ஆழம், அடியில் மணல், குழாய், மேலே மண், பாதி ஆழத்தில் எச்சரிக்கை நாடா. குழாய் மூடிகளிலும் கேபிளிலும் "செம்பு இல்லை, ஃபைபர் மட்டும்" என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி ஒட்டுங்கள். செம்பு என்று நினைத்து வெட்டி இழுத்துப் பார்ப்பவர்களால் நாட்டில் எத்தனையோ ஃபைபர் பாதை அறுந்திருக்கிறது. கேபிள் அவர்களுக்குப் பயன்படாது, உங்களுக்கு மட்டும் நஷ்டம்.

தண்ணீர்: பள்ளத்தில் இருக்கும் அரங்கு முனையில் குழாய் வாயை இரண்டு பக்கமும் அடைப்பான் போட்டு மூட வேண்டும். மூடாவிட்டால் மேட்டில் இறங்கும் மழை குழாய் வழியாகவே வந்து ரேக்கின் அடியில் கொட்டும். கேபிள் உள்ளே ஜெல் நிரப்பிய தளர்குழாய் வகையாக இருக்கட்டும். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு கை அளவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், அதன் மேல் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இழுக்கும்போது வளைவு ஆரம் கேபிள் விட்டத்தைப் போல் 20 மடங்கு, இழுத்து வைத்த பின் 10 மடங்கு. 8 மில்லிமீட்டர் கேபிளுக்கு 160-ம் 80-ம். 90 டிகிரி முழங்கை வளைவு குழாயில் வேண்டாம். திருப்பத்தில் ஒரு இழுப்புப் பெட்டி வையுங்கள். இழுவைக் கயிற்றைக் கேபிளின் உள்ளே இருக்கும் பலமான நூலில் கட்ட வேண்டும், வெளி உறையில் கட்டினால் உறை மட்டும் நீண்டு வந்து கண்ணாடி உள்ளே முறுகும். ஒவ்வொரு முனையிலும் 5 மீட்டர் சுற்றி வையுங்கள். இன்னொரு கயிற்றைக் குழாயில் விட்டுவிட்டு வாருங்கள்.

மிட்ராண்ட்_ஃபைபர்

டெஸ்ட் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

ஸ்ப்ளைஸ் பண்றவர்கிட்ட ஓடிடிஆர் (ஒளியை அனுப்பித் திரும்புறதை அளக்கிற கருவி) படம் மட்டும் வாங்கி ஒத்துக்காதீங்க. 85 மீட்டர் கேபிளுக்கு ஓடிடிஆர் முன்னாடியும் பின்னாடியும் லாஞ்ச் கேபிள் (அளக்கிறதுக்காகச் சேர்க்கிற கூடுதல் கேபிள்) போடாம எடுத்தா முதல் கனெக்டரே அதோட குருட்டு மண்டலத்துல மறைஞ்சுடும். ஒளி மூலமும் பவர் மீட்டரும் வெச்சு 12 கோரும் 1310-லயும் 1550-லயும் (நானோமீட்டர் அலைநீளம்) அளந்த தாளைக் கேளுங்க. உங்க தூரத்துல ஒரு கோருக்கு 1 டெசிபல் பக்கத்துல வரணும், 2-ஐத் தாண்டினா திருப்பிச் செய்யச் சொல்லுங்க. 1310-ல நல்லா இருந்து 1550-ல மட்டும் இழப்பு கூடினா அது வளைவு. ஸ்ப்ளைஸ் தட்டுலயோ கேபிள் டை இறுக்கின இடத்துலயோ கண்ணாடி மடங்கியிருக்கும். சிவப்பு லேசர் விட்டா அந்த இடம் ஒளிரும்.

கனெக்டரைச் செருகுறதுக்கு முன்னாடி துடைக்கணும். புதுப் பையைப் பிரிச்சதா இருந்தாலும் துடைக்கணும். சிங்கிள்மோட் கோர் 9 மைக்ரான்தான், மூடிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் தூள் ஒண்ணு போதும் மறைக்க. கிளிக் பேனா (முனை துடைக்கிற கருவி) ஒண்ணு வாங்குங்க, ரெண்டு பக்கமும் துடைங்க: கார்டு முனையையும், பேனலுக்கு உள்பக்கம் இருக்கிற முனையையும். உள்பக்கத்தை யாரும் தொடுறதில்லை, அழுக்கு அங்கதான் தங்கும். அழுக்கு கார்டைச் சுத்தமான கார்டோட அழுத்தினா ரெண்டுமே கெடும்.

இன்னொரு கவனம். உங்க சர்வர் அறையில இணைய நிறுவனம் விட்டுப்போன பச்சை முனைக் கார்டு இருக்கும். அது ஏபிசி, முனை சாய்வா சீவினது. உங்க பேனல் நீலம், யுபிசி, முனை சாய்வில்லாதது. பச்சையை நீலத்துல திணிச்சா நடுவுல காற்று இடைவெளி விழுந்து பல டெசிபல் போகும், முனையும் கீறும். ரெண்டையும் ஒரே பெட்டியில போடாதீங்க.

லிங்க் ஏறலைன்னா முதல் சந்தேகம் ஏ-பி (அனுப்புற கோரும் வாங்குற கோரும்) மாறினது. ஒரு முனையில மட்டும் எல்சி ஜோடியைக் கழட்டி மாத்திச் செருகுங்க. ஏறினதும் சுவிட்ச்லயே ஒளி அளவைப் படிங்க. சிஸ்கோவுல ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரான்ஸீவர் டீடெய்ல், மத்ததுலயும் அதே மாதிரி ஒண்ணு உண்டு. எல்ஆருக்கு உங்க தூரத்துல வாங்குற அளவு மைனஸ் 2-லிருந்து மைனஸ் 6 டிபிஎம்குள்ள நிக்கணும். மாட்யூல் மைனஸ் 14.4 வரை தாங்கும்னு ஆவணம் சொல்லும், அதனால மைனஸ் 12-லயும் பச்சை விளக்கு எரியும். 410 மீட்டர்ல மைனஸ் 12 வந்தா அது தூரம் இல்லை, அழுக்கு. அன்னிக்கே துடைங்க. ஆறு லிங்க்குக்கும் முதல் நாள் அளவை எழுதி ரேக் கதவுல ஒட்டுங்க. அடுத்த வருஷம் யாராவது பார்க்கும்போது 3 டெசிபல் இறங்கியிருந்தா விழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

சாட்ஸ்வொர்த்_வலை

அருமை. இதை வைத்து எழுதிய பட்டியல்: ஓஎஸ்2 12 கோர் உலோகமில்லாத கேபிள், மூன்று பாதைக்கும் சேர்த்து 735 மீட்டர். எல்சி பேனல் 6. பிக்டெய்ல் 72. எஸ்எஃப்பி பிளஸ் எல்ஆர் 12. எல்சி-எல்சி இரட்டைப் பேட்ச் கார்டு 12. டிஏசி 1 மீட்டர் 5: வகுப்பறை 3, அறிவியல் 1, கோர் 1. அரங்குக்கும் இரண்டு லிங்க், கோரின் இரண்டு சுவிட்சிலும் ஒவ்வொன்று. மாட்யூல் வேறு நிறுவனத்தினது வாங்கலாமா?

லெனேசியா_ரேக்

டிஏசி 5 இல்லை, 8. நாலு சுவிட்ச் வளையத்துக்கு 4 கேபிள், இரண்டு சுவிட்ச் ஸ்டேக்குக்கு 2, கோருக்கு 2. மூணு கேபிளோட விட்டா அது சங்கிலி. நடுவில் ஒரு சுவிட்ச் அணைந்தாலோ ஒரு கேபிள் கழன்றாலோ ஸ்டேக் பிளக்கும். இரண்டு சுவிட்சுக்கு ஒரே கேபிள் என்றால் அந்த ஒரு கேபிள்தான் பிளவுக்கும் உங்களுக்கும் நடுவில். கையிருப்புக்கு ஒன்று சேர்த்து 9 வாங்குங்க.

கேபிள் 735 என்பது அளந்த தூரம் மட்டும். ஒரு பாதைக்கு இரண்டு முனையிலும் 5 மீட்டர், ரேக்குக்குள் ஏறி இறங்குவது, இழுப்புப் பெட்டிகளில் சுற்று, எல்லாம் சேர்த்து பாதைக்கு 20 மீட்டராவது கூட்டுங்க. 800 மீட்டர் டிரம் எடுத்து 410 பாதையை முதலில் வெட்டுங்க, பிறகு 240. கடைசியில் துண்டு போதாம நடுவில் ஒட்டுப்போட வேண்டி வராது.

வேறு நிறுவன மாட்யூல் அப்லிங்க்குக்கு வாங்கலாம். உங்க சுவிட்ச் பிராண்டுக்குக் குறியீடு எழுதினதா கேளுங்க. இரண்டு முனையும் ஒரே பிராண்டா இருக்கத் தேவையில்லை, இரண்டும் எல்ஆரா இருந்தா போதும். சில சுவிட்சில் அந்நிய மாட்யூலை ஏற்க ஒரு கட்டளை கொடுக்கணும். கொடுக்காட்டி போர்ட் முடங்கி நிற்கும். ஆனா ஸ்டேக் வளையத்து டிஏசி மட்டும் சுவிட்ச் நிறுவனத்தினதே வாங்குங்க. அங்கே மிச்சம் பிடிக்கிற தொகை சின்னது, ஃபர்ம்வேர் மாறின பிறகு வளையம் ஏறாட்டி மொத்தக் கட்டடமும் நிற்கும்.

எல்ஆர் 12-க்கு 14 வாங்குங்க, பேட்ச் கார்டும் அப்படியே.

நெட்டால்_டிரெஞ்ச்

பிக்டெய்ல் 72 சரி. ஸ்ப்ளைஸ் பாதுகாப்புக் குழல் 80 வாங்குங்கள், சிலது சுருங்கும்போது கெடும். பட்டியலில் குழாய் அடைப்பான் இல்லை: ஒவ்வொரு கட்டட நுழைவிலும் ஒன்று, மூன்று பாதைக்கு 6. அரங்கு முனைக்கு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.